ஆராய்ச்சிக்குப் போன மகளும் வீடு வந்த சாதகங்களும்

பண்டத்தரிப்பு

பேரன்பிற்குரிய அண்ணை அவர்கட்கு,

தம்பி தியாகராசா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம், என் தலையைத் தவிர. தாங்களும் அண்ணியும் கனடாக் குளிரில் நலமாயிருக்க மருதனார்மடத்து ஆஞ்சநேயரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் என் மனிசி பத்மாசினி ஒட்டுக்கேட்பா. ஆகையால் கடிதம்.

நம் சாருஜாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வாய்ப்பொன்று கிடைத்திருக்கிறது. சமூகவியல் படிக்கிற பிள்ளைகளில் ஒருவருக்குத்தானாம். நன்றாகச் செய்தால் மேற்படிப்புக்கும் அதுதான் வழியாம். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். ஆனால் ஆராய்ச்சியென்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைச் சட்டையும் என்றல்லவோ நினைத்தேன்! பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "வீட்டில எத்தினை பேர்? ஆர் வெளிநாட்டில? காணி கிடக்கோ? கலியாணமாகாத பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்குது. "வெளிநாட்டுக் காசு வாற குடும்பங்களைப் பற்றின ஆய்வப்பா" என்கிறாள். அண்ணை, உந்தக் கேள்வியளை எங்கடை ஊரில வேறை எதுக்குக் கேட்கிறவை? சம்பந்தம் பேசத்தானே! பெட்டையே நேரில வந்து விசாரிக்குது என்று சனம் ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்து, மகனின்ரை படத்தைக் காட்டி, பின்னேரம் சாதகத்தோடை என்ரை வாசல் படலையில வந்து நிக்குது.

"சீச்சீ, இது ஆராய்ச்சி" என்றேன். "அப்ப எங்கடை பெடியனைப் பிடிக்கேல்லையோ?" என்று, மகனின்ரை சாதகத்தோடை வந்த சுவர்ணா ரீச்சர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போனதும் பிழையாம், தங்களை வேண்டாமென்றுதான் அங்கை போனவளாம்! இப்ப எங்கடை ஒழுங்கையில் பாதி வீட்டுப் படலை பூட்டு. வீடுகள் கதைக்காவிட்டால் வாய்ப்பு வேறை பிள்ளைக்குப் போயிடுமென்று சாருஜா அழுகிறாள். பத்மாசினியோ, எந்த வீட்டில் என்ன சொன்னவை என்று கேட்டுப் பார்த்தா. "சொல்லக்கூடாதம்மா, ஆய்வு நெறிமுறை" என்றாளாம். "பெத்த தாய்க்கு மறைக்கிற படிப்பென்ன படிப்பு!" என்று அவ சமைக்காமல் படுத்திட்டா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

ஆகையால் அண்ணை, எங்கடை சனம் பாதி அங்கேதானே. கோயிலில் காணும்போது, என் மகள் மாப்பிள்ளை தேடவில்லை, படித்து முடியும்வரை கலியாணப் பேச்சே இல்லை, இது தியாகராசாவின் வாக்கு என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் இங்கே போன் எடுத்துச் சொன்னால் படலைகள் திறக்கும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எம் அன்பு. முருகன் எல்லோரையும் காப்பானாக.

தங்கள் தம்பி,
தியாகராசா

பி.கு.: கீழே எழுதுவதை மட்டும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். வந்த சாதகங்களைச் சும்மா, சும்மாதான், சாத்திரியாரிட்டைக் காட்டினனான். ஒன்று நல்லாப் பொருந்துது. பெடியன் எஞ்சினியர். ஆய்வு செய்த வீட்டில் சம்பந்தம் வைக்கக்கூடாதாம், சாருஜா சொன்னவ. ஆனால் அந்த வீட்டுக்கு அவ இன்னும் போகேல்லை, ஊர்க்கதை கேட்டுத்தான் அவை சாதகம் தந்தவை. போகாத வீடென்றால் பிழையில்லைத்தானே? அங்கை படிச்ச ஆரிட்டையாவது கேட்டு எழுதுங்கோ. அதுவரைக்கும் அந்த வீட்டுப் படலை மட்டும் சாருஜாவுக்குப் பூட்டியே கிடக்கட்டும்.