ஒருத்தரும் சாகாத செத்தவீடு

பத்தொன்பது வயதுவரை நான் அமெரிக்காவில்தான் வாழ்ந்தேன். உடம்பு மட்டும் சிட்னியில், பென்டில் ஹில்லில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் கிடந்தது.

அமெரிக்காவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அதுதான் வந்து விழும். ஒன்பது வயதில் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் சொல்லித் தரவும் ஆளில்லை. அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா மூன்றாம் வகுப்பு. மிச்சப் படிப்பை ஊரில் நடந்த சண்டை தின்றுவிட்டது. ஆகவே எனக்கு இங்கிலீஷ் படிப்பித்தவை தொலைக்காட்சியும் பிறகு போனும்தான். அவற்றுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் "வோட்டா" என்று தண்ணீர் கேட்க, நான் "வாடர்ர்" என்று கேட்டேன். ஒரு ஆசிரியை ஒருநாள், "நீ எந்த மாநிலம்?" என்று கேட்டார். (டெக்சாஸ் மாதிரி ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.) நான் வெட்கப்படவில்லை. பெருமைப்பட்டேன். கிளிநொச்சி என்று சொல்லவுமில்லை.

நான் மட்டும் அப்படி இல்லை. பரமட்டாவில் பள்ளி விட்டதும் நாங்கள் கூடும் சாப்பாட்டுக் கடைகளில் ஒருத்தியின் குடும்பம் பெய்ரூட், இன்னொருத்தியுடையது மணிலா, நான் வன்னி. சண்டை பிடிக்கும்போது மூன்று பேரும் நியூயோர்க்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் என் குடும்பத்தையும் அமெரிக்கக் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அங்கே தகப்பன்மார் மகள்மாரைக் கட்டிப்பிடித்தார்கள். தொலைபேசியை வைக்கும்போதெல்லாம் "லவ் யூ" சொன்னார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசியை வைக்கும்போது சொல்வது, "சரி, வை."

இந்த நிலைமையில் நான் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். உளவியல் முதலாம் வருடம். அதிலும் பாதிதான் முடிந்திருந்தது. பாதி உளவியல் மிகவும் ஆபத்தானது. முழுதாகப் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இனி அப்பாவுக்கு வருகிறேன். அப்பா சில்வர்வாட்டரில் ஒரு குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். வேலை முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், பிறகு கராஜுக்குள் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து குடிப்பார். சத்தம் போடமாட்டார். யாரையும் ஏசமாட்டார். பாட்டுக்கூட இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக் குடிப்பார். அந்த வருடம் டாக்டரிடம் மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். இப்படியே குடித்தால் ஈரல் அதிக காலம் தாங்காது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். அப்பா, "சரி, டாக்குத்தருக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றார். அன்று பின்னேரமும் கராஜ் லைட் எரிந்தது.

அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். நான் அமெரிக்காவிடம் போனேன்.

அமெரிக்க நிகழ்ச்சிகளில் இதற்கு ஒரு முறை உண்டு. 'இன்டர்வென்ஷன்' என்பார்கள். குடிக்கிறவருக்குத் தெரியாமல் அவருக்கு நெருக்கமானவர்கள் எல்லோரும் வீட்டில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் கதவைத் திறந்ததும் திகைப்பார். ஒவ்வொருவராக, கோபப்படாமல், 'நான் இப்படி உணர்கிறேன்' என்று பேசுவார்கள். அவர் முதலில் கத்துவார், பிறகு அழுவார், பிறகு கட்டிப்பிடிப்பார். விளம்பர இடைவேளைகளையும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆள் திருந்திவிடும்.

நெருக்கமானவர்கள் வேண்டும். அப்பாவின் தங்கை கலா மாமி மெல்பேணில், கிளென் வேவர்லியில் இருந்தார். என் பகுதி நேர வேலைச் சம்பளத்தில் அவருக்கு விமான டிக்கெட் போட்டேன். அப்பாவுக்கு மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நெருங்கிய நண்பர் என்ற இடத்துக்குப் பக்கத்துத் தெருச் சிவா அங்கிள். சின்னச் சிக்கல், அங்கிள்தான் சனிக்கிழமைகளில் அப்பாவோடு இன்னொரு வாளியில் இருப்பவர்.

"நான் என்னத்தைப் பிள்ளை உணருறது?" என்றார் அங்கிள். "நானும் சேர்ந்தெல்லோ குடிக்கிறனான்."

"அதையே உணருங்கோ அங்கிள்."

மாமிக்கு ஒத்திகை தொலைபேசியில் நடந்தது. 'நான் உணர்கிறேன்' என்பதை அவர் பள்ளிக்கூட நாடகத்தில் ராணி பேசுவதுபோலச் சொன்னார். பிறகு தன் இயல்புக்கு வந்து, "அண்ணைக்குக் கொழுப்புக் கூடிப்போச்செண்டு நான் உணருறன்" என்றார். கண்ணைப் பறிக்காத, அமைதியான நிற உடுப்புப் போட்டு வரச் சொன்னேன்.

"அமைதியான கலரெண்டால் என்னட்ட வெள்ளை வொயில் சீலைதான் கிடக்கு."

"அது நல்லம் மாமி."

அம்மாவைச் சமைக்க வேண்டாம் என்றேன்.

"வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கேக்க அடுப்பு மூட்டாமல் என்னெண்டு இருக்கிறது?"

"மணம் வந்தால் எல்லாற்ற கவனமும் குசினிக்குப் போயிடும் அம்மா."

குறித்த சனிக்கிழமை காலையில் ஹோலில் இருந்த சோபாவைச் சுவரோடு தள்ளினேன். நடு இடத்தை வெறுமையாக்கினேன். தொலைக்காட்சியை நிறுத்தி, அதன் மேல் ஒரு துணியைப் போட்டேன். கதிரைகளைச் சுவர் ஓரமாக வைத்தேன். கண்ணீர் துடைக்க ரிஷூப் பெட்டி, குடிக்கத் தண்ணீர். நான் பேசத் தொடங்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை.

சமைக்காத வீடு, வெறுமையான நடு ஹோல், சுவரோரக் கதிரைகள், வெள்ளைச் சீலையில் சொல்லாமல் கொள்ளாமல் மெல்பேணில் இருந்து வந்த தங்கை, ஒருவரும் பேசவில்லை. இதை எழுதும்போது எனக்கே வியர்க்கிறது. அன்று நான் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த நிகழ்ச்சியில் வருவதுபோலவே இருக்கிறது என்று திருப்திப்பட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அப்பா காலை வேலை முடிந்து வந்தார். கதவைத் திறந்தவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். மாமியைக் கண்டார்.

"கலா, நீ எப்ப வந்தனி?"

மாமி என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். மாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார், வெறுமையாக இருந்த நடு ஹோலைப் பார்த்தார். ஒரு காலில் சப்பாத்து அப்படியே இருந்தது.

"ஆர்?" என்று கேட்டார்.

யார் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தது என்று கேட்கிறார் என நினைத்தேன். "நான்தான் அப்பா எல்லாரையும் கூப்பிட்டனான்," என்றேன். "முதல்ல இருங்கோ. நாங்கள் எல்லாரும் உங்களில அன்பு வைச்சிருக்கிறம். என்ன வந்தாலும் உங்களோட இருப்பம்."

அப்பா கதிரையில் இருக்கவில்லை. நடு ஹோலுக்கு வந்து தரையில் இருந்தார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாமியிடம் கேட்டார்.

"சின்னவன்ர செய்தியே?"

ஒருவரும் பேசவில்லை. (என் கட்டளை.)

"எங்க கண்டவையாம்? எலும்பெண்டாலும் குடுப்பினமாமே?"

சின்னவன் என்றால் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. சண்டை முடிந்த நாள்களில் இராணுவத்தினர் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அவருடைய பெயரை யாரும் எடுப்பதில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். நான் ஒருபோதும் சந்திக்காத அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றின் துக்கம் எனக்கு விவரமாகத் தெரிந்திருந்தது.

மாமியின் வாயிலிருந்து 'நான் உணர்கிறேன்' வரவில்லை. "என்ர சின்னண்ணை" என்று ஒரு குரல் வந்தது. அத்தனை வருடம் எடுக்காத பெயரை அப்பா எடுத்ததும் அவர் உடைந்துவிட்டார். தரையில் விழுந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவும் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நான் அந்த நேரத்திலாவது பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு அமெரிக்க வசனம் தயாராக இருந்தது. அப்பாவின் முன்னால் முழங்காலில் இருந்து, அவருடைய கையைப் பிடித்து, "அப்பா, ஐ ஹியர் யூ" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேக்குதெண்டால் பதில் சொல்லன் பிள்ளை."

நான் மாமியைப் பார்த்தேன்.

மாமிதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு செய்தியும் இல்லை அண்ணை. நீங்கள் கனக்கக் குடிக்கிறியளாம். அதைச் சொல்ல வந்தனான்."

அப்பா மற்றக் காலின் சப்பாத்தைக் கழற்றினார். "அதுக்கே மெல்பேணில இருந்து வந்தனி?"

"இவள்தான் டிக்கெட் போட்டவள்."

இதோடு முடிந்திருந்தால் குடும்பத்துக்குள் போயிருக்கும். ஆனால் அழுகை தொடங்கியபோதே சிவா அங்கிள் நைசாக வெளியே போயிருந்தார். அழுகையைக் கண்டதும் இது உண்மையான செத்தவீடு என்றும், 'இன்டர்வென்ஷன்' என்பது தகவல் சொல்வதற்கு நான் கண்டுபிடித்த நாகரிக வழி என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். கோயில் கதிரைகளுக்குப் பொறுப்பானவருக்கு உடனே போன் எடுத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்குள் கோயில் கதிரை கேட்டுப் போன் போனால் அதைவிடப் பெரிய அறிவித்தல் வேண்டாம்.

முதலில் ஒரு யூட் வண்டி நிறைய வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. பிறகு கார்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி, தட்டு நிறைய இடியப்பம். எல்லோரும் வாசலில் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் மெதுவாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஆர் பிள்ளை?"

"ஒருத்தரும் சாகேல்ல, அன்ரி."

"ஆஸ்பத்திரியில இருந்து பொடி எப்ப வரும்?"

"பொடி இல்லை அன்ரி. ஒருத்தரும் சாகேல்ல."

"அப்ப ஏன் உள்ளுக்க அழுகினம்?"

"அது வந்து... இன்டர்வென்ஷன்."

அந்த அன்ரி கவலையோடு தலையை ஆட்டினார். "எங்கட ஒண்டுவிட்ட மச்சாளுக்கும் அதுதான் வந்தது. சுகர் கூடினால் வருமாம்."

ஒவ்வொரு காருக்கும் நான் சொன்னேன். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, ஒருத்தரும் சாகேல்ல, ஒருத்தரும் சாகேல்ல என்று. குரல் அடைத்துப்போகும்வரை சொன்னேன். அடைத்த குரலில் அமெரிக்க உச்சரிப்பு ஒட்டவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

வந்தவர்கள் திரும்பிப் போனார்களா என்றால், இல்லை. இடியப்பம் இருந்தது. கதிரை இருந்தது. கதை மெல்லச் சின்னவனிடம் போனது. ஊரில் அவரோடு படித்த ஒருவர் வந்திருந்தார். "சைக்கிளில கையை விட்டுட்டு ஓடுவான், பின்னால நான் இருப்பன்" என்றார். அப்பா, "முன்பல்லு உடைஞ்சதும் அதாலதான்" என்றார். அப்பா அப்படித் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பிறகு ஆண்கள் எழுந்து கராஜுக்குப் போனார்கள். வாளிகள் போதாமல் கோயில் கதிரைகளும் உள்ளே போயின. அப்பாவின் போத்தல் முடிந்தது. யாரோ காரிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார்கள். குடியை நிறுத்துவதற்காக நான் கூட்டிய கூட்டம், அந்தக் கராஜ் கண்ட ஆகப்பெரிய குடியாக முடிந்தது.

எல்லோரும் போன பிறகு நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து மறுபக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். கால் தள்ளாடியது.

"பிள்ளை," என்றார். "வாசல்ல நிண்டு எல்லாருக்கும் சொன்னியெல்லே, ஒருத்தரும் சாகேல்லையெண்டு."

"ஓம் அப்பா. சொறி, என்ர பிழைதான்."

"இல்லை, நல்லாச் சொன்னனி. உள்ளுக்க இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான்."

அப்பாவின் குடி நிற்கவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மாறியது ஒன்றுதான். முந்தி சுவரைப் பார்த்துக் குடித்தவர், இப்போது கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு இருத்தி, சின்னவனைப் பற்றிப் பேசிக்கொண்டு குடிக்கிறார். நான் பதிலுக்கு அமெரிக்க வசனம் எதுவும் சொல்வதில்லை. இப்போது படிப்பை முழுதாக முடித்துவிட்டேன், ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும்.

கோயிலுக்குப் போனால் இன்றைக்கும் யாராவது, "உங்கட வீட்டில இன்டர்வென்ஷனில போனவற்ற ஆண்டுத் திவசம் எப்ப?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாமி சனிக்கிழமைகளில் மெல்பேணில் இருந்து போன் எடுப்பார். நான் ஸ்பீக்கரில் போட்டதும் அவருடைய முதல் கேள்வி, "என்ன, ஆரும் செத்தவையோ?" என்பதுதான். அப்பா கராஜுக்குள் இருந்து, "ஒருத்தரும் சாகேல்லையாம், பிள்ளை சொல்லுறாள்" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடிந்ததும் மாமி மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் கேட்கும். பிறகு மாமி, இண்டைக்கு என்ன கறி என்று அம்மாவிடம் கேட்பார்.