ஏலக்காய் மணக்கும் சைக்கிளை ஒப்படைப்பது தொடர்பாக

ஆனைக்கரை,
ஆடிக் கடைசி வெள்ளி

மரியாதைக்குரிய மச்சான் அழகுமலை அவர்கள் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் சுருளிவேல் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை முருகேஸ்வரியும் மகள் சித்ராவும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாகப் பெய்துகொண்டிருக்கிறது. கம்பத்தில் தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் அப்பா, என் மாமா, இறந்த வருடமே என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் எல்லாரும் போனில் பேசுகிற காலத்தில் நான் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டியதாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் சித்ராவுக்குக் கல்யாணம். குருவம்மாள் அத்தையிடம் நீங்கள் சொல்லியனுப்பிய சேதி கிடைத்தது. “எங்கப்பா சைக்கிளு ஓடுற நெலையில எங்க வாசல்ல வந்து நிக்கணும். அன்னைக்குத்தான் என் காலு அந்த மேட்டுல ஏறும்” என்றீர்களாம். அத்தை கூட்டிச் சொல்கிறவர் இல்லை; கொஞ்சம் குறைத்தே சொல்லியிருப்பார். மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நீங்கள் சைக்கிளைக் கேட்டபோது, மிளகுக் கொடியை வெட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொண்டீர்கள். அது குத்தல் இல்லை மச்சான், நிலவரம். இறப்பதற்கு முந்தின வருடம் மாமா கடைசியாக மலைமேல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சைக்கிளை எங்கள் முள்முருங்கை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார். மரத்தில் ஏறிய மிளகுக் கொடி போகிற வழியில் சைக்கிளிலும் ஏறிவிட்டது. ஹேண்டில்பாரில் நல்ல காய்ப்பு. இருந்தாலும் தாய்மாமன் இல்லாமல் பெண்ணை யார் மணவறைக்குக் கூட்டிவருவது? அழைப்பிதழில் உங்கள் பெயரை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிட்டாள் முருகேஸ்வரி. போட்டுவிட்டார்கள். ஆகவே கொடியை வெட்டினேன்.

இந்த ஊரில் சைக்கிள் கடை கிடையாது. மேட்டில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? மாமா ஒருவர்தான் ஓட்டினார், அதுவும் இறக்கத்தில் மட்டும். மேலே வேலை முடிந்து சனிக்கிழமை கம்பத்துக்குச் சவாரி, திங்கட்கிழமை பஸ் கூரையில் சைக்கிள், உள்ளே மாமா. மிதிக்கவே இல்லாததால் பெடலும் செயினும் புதுசு போல இருந்தன, மற்றதெல்லாம் துரு. நானே வீட்டில் வைத்துச் சரிசெய்வது என்று முடிவு செய்து போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கால் மணி நேரத்தில் ஓட்டைச் சைக்கிளைப் புதுச் சைக்கிள் ஆக்குகிறார். கடைசிவரை சட்டையில் ஒரு பொட்டு கறை இல்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் வாசலில் சிதறி ஓடின. எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டேன், ஒன்றே ஒன்றைத் தவிர. அதை ஒரு கோழி விழுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்தோம், குண்டு இல்லை. அது வேறு கோழி. மறுநாள் இன்னொரு குழம்பு வைத்தோம், அதில் கிடைத்தது. இரண்டும் கல்யாண மறுவீட்டு விருந்துக்காக முருகேஸ்வரி வளர்த்தவை. மட்கார்டின் துரு போக, கல்யாணத்துக்கு வாங்கி வைத்த புளியைக் கரைத்து, கல்யாணத்துக்கு வாங்கி வைத்த அண்டாவில் ஊறப்போட்டேன். துரு நன்றாகப் போயிற்று. முருகேஸ்வரி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அண்ணனும் தங்கையும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

அடுத்தது பெயின்ட். மாமாவின் சைக்கிள் பச்சை நிறம் என்பதால் பச்சையே வாங்கி இரண்டு கை அடித்தேன். காயவில்லை. ஆடி மழையில் இங்கே துவைத்த துண்டே காய்வதில்லை, பெயின்ட் எப்படிக் காயும்? தொட்டால் கை பச்சை, கையைத் துடைத்தால் வேட்டி பச்சை. நான் மத்தியாஸ் சேட்டனின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி பகலாக விறகு எரிகிறது, அறை முழுக்கச் சூடு, அடுக்கடுக்காகத் தட்டு, தட்டு நிறைய ஏலக்காய். அதற்கு நடுவில் ஒரு சைக்கிளுக்கு இடம் இருந்தது. கொண்டுபோய் நிறுத்தினேன். காலையில் பெயின்ட் காய்ந்து கண்ணாடி போலாகிவிட்டது, நானே சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. பிறகு மத்தியாஸ் சேட்டன் வந்தார். ஒரு கை ஏலக்காய் எடுத்து முகர்ந்தார். சைக்கிளிடம் போய் அதையும் முகர்ந்தார். “சுருளி, இது ரெண்டுல ஏதாணு நம்ம சரக்கு?” என்று தன் மலையாளத் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சைக்கிளில் ஏலக்காய் வாசனை, ஏலக்காயில் பெயின்ட் வாசனை. அந்தச் சரக்கு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். வீட்டில் ஓரமாக இருக்கிறது. கல்யாணப் பாயசத்துக்கு ஆகும், கொதித்தால் வாசனை போய்விடும் என்று சமையல்காரர் முகர்ந்து பார்த்துச் சொன்னார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

இதற்கு நடுவே மாப்பிள்ளை பாண்டீஸ்வரனின் அம்மா பூவும் பழமும் கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை தேக்கடியில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார், நல்ல பையன். அந்த அம்மா உட்கார நாற்காலி இல்லை, நாற்காலிகளின் மேல் சைக்கிள் சக்கரங்கள் இருந்தன. நின்றபடியே சைக்கிளைப் பார்த்து, எங்க பையனுக்குத்தான் ஜீப் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார்கள். இது மாப்பிள்ளைக்கு இல்லை, தாய்மாமனுக்கு என்றேன். “அப்பிடியா. எங்க பக்கமெல்லாம் தாய்மாமன் சீரு கொண்டாருவாக. இங்க வாங்கிட்டுப் போவாகளோ?” என்றார்கள். குத்தலா நிலவரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. முருகேஸ்வரி காப்பி டம்ளரைக் கழுவுகிறேன் என்று உள்ளே போனாள். ஒரு டம்ளரை அவ்வளவு நேரம் கழுவி நான் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. எனக்கு அன்றைக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்பதால் எழுதவில்லை.

எது எப்படியோ, நல்லபடியாக முடிந்தது. சைக்கிளில் இப்போது ஒரு குறையும் கிடையாது. மணி அடித்தால் அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்கிறது. சீட்டில் புதுத் தோல், கேரியரில் புது ஸ்பிரிங். நாளைக் காலை பக்கத்து வீட்டு ஜோமோன் தன் ஜீப்பில் ஏற்றி உங்கள் வாசலில் இறக்குவான், கூடவே இந்தக் கடிதத்தையும் தருவான். பத்திரமாக இறக்கிக்கொள்ளுங்கள். பெயின்டில் கீறல் விழுந்தால் என் மனசு தாங்காது. நீங்கள் கேட்டது வந்துவிட்டது. நாங்கள் கேட்பது நீங்கள் ஒருவர்தான். அங்கே பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, கன்றுக்குட்டி வளர்ந்திருந்தால் அதற்கும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
சுருளிவேல்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு உறை தேட உள்ளே போனேன். திரும்பி வந்தால் சைக்கிளைக் காணோம். முருகேஸ்வரியையும் காணோம். சித்ராவைக் கேட்டால், அம்மா சைக்கிளில் கம்பத்துக்குப் போய்விட்டாள் என்கிறாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நீங்களாவது சொல்லியிருக்கலாம். போகும்போது மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: “ரெண்டு ஆம்பளைகளும் சைக்கிளவே பாத்துக்கிட்டு இருங்கன்னு சொல்லு. எனக்கு எங்கண்ணன் வேணும். நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

சைக்கிளில் குறை இல்லை என்று எழுதினேன். பின் பிரேக் பிடிக்கும். முன் பிரேக் கட்டைகள் இரண்டும் இந்தத் தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தவை, இப்போது என் சட்டைப்பையில் இருக்கின்றன. இதை ஜோமோனின் ஜீப்பில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவதை மன்னிக்கவும். கம்பம்மெட்டு இறக்கத்தில் அவளைக் கண்டுபிடித்துவிட்டோம். ஜோமோன் ஹாரன் அடித்தால் பதிலுக்கு மணி அடிக்கிறாளே தவிர நிற்கவில்லை. நிற்க முடியவில்லையா, நிற்க இஷ்டமில்லையா, தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். ஊருக்குள் குறுக்குச் சந்தில் முந்திவந்து இதை உங்கள் கையில் கொடுப்போம். என்னோடு பேச வேண்டாம், நான் ஜீப்பிலேயே இருந்துகொள்கிறேன். படித்ததும் தெருவுக்கு ஓடி வாருங்கள் மச்சான். சைக்கிளைப் பார்க்க வேண்டாம், அது எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மோதட்டும். நீங்கள் அவளைப் பிடியுங்கள்.