பதினைந்தாம் நாற்காலி

பதினைந்தாம் நாற்காலியில் இந்த வாரம் ஒரு நார்வேக்காரர் உட்கார்ந்திருந்தார். போன வாரம் ஒரு புதுமணத் தம்பதியில் பாதி. மீதிப் பாதிக்கு மூன்று வரிசை தள்ளித்தான் இடம் கிடைத்திருந்தது. அதற்கும் முந்தின வாரம், ஆட்டம் முழுக்கத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். எவாரிஸ்தோ மட்டும் வரவில்லை.

பதினான்காம் நாற்காலி ஃபெலிசாவுடையது. ஸ்பெயினில், வலென்சியாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விவாகரத்தின்போது கணவர் காரை எடுத்துக்கொண்டார். அவள் லெவந்தீனா கால்பந்து கிளப்பின் மைதானத்தில் வருஷச் சந்தாவில் இருந்த இந்த நாற்காலியை எடுத்துக்கொண்டாள். லாபம் தனக்குத்தான் என்று பத்தொன்பது வருஷமாக நம்பி வந்தாள்.

அந்தப் பத்தொன்பது வருஷமும் பக்கத்தில் எவாரிஸ்தோ இருந்தார். இடைவேளையில் அலுமினியத் தாளைப் பிரித்து, உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டியை இரண்டு பாதியாகப் பிய்ப்பார். பெரிய பாதி எப்போதும் அவள் கைக்கு வரும். அவள் நடுவரைத் திட்டுவாள். அவர் "ஆமாமா" என்பார். ஆட்டம் முடிந்ததும் "அடுத்த ஞாயிறு பாப்போம்" என்று பிரிந்துவிடுவார்கள். அவர் வீடு எங்கே, குடும்பப் பெயர் என்ன, அவளுக்கு எதுவும் தெரியாது. அடுத்த ஞாயிறு என்று ஒன்று வந்துகொண்டேதானே இருக்கும், எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இந்த சீசன் அப்படி அமையவில்லை. ஜூலையில் பழைய பயிற்சியாளர் மொன்ஃபோர்த்தைத் துரத்திவிட்டார்கள். புதிதாக வந்தவரோடு கேப்டனுக்குப் பேச்சில்லை. கேப்டனோடு கிளப் தலைவருக்குப் பேச்சில்லை. ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. ஊரே கொதித்தது. ஃபெலிசாவுக்குத் தோல்விகூட சரியாக உறைக்கவில்லை. கண் மைதானத்தில் இருந்தாலும் மனசு பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தது.

கிளப் அலுவலகத்துக்குப் போனாள்.

"எவாரிஸ்தோன்னு ஒருத்தர். பதினஞ்சாம் சீட். அட்ரஸ் வேணும்."

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "சொந்தமா?"

"ஆமா... பெரியப்பா பையன்."

"அப்ப குடும்பப் பேர் உங்களுக்கே தெரியுமே?"

"சண்டை. ரொம்ப வருஷமா பேச்சு வார்த்தை இல்ல."

"பேச்சே இல்லாதவருக்கு அட்ரஸ் தேடிக் குடுத்தா என் வேலை போயிடும்மா. ஏற்கெனவே இங்க வாரத்துக்கு ஒருத்தருக்குப் போய்க்கிட்டிருக்கு."

அடுத்த ஞாயிறு, எதிர்ப்பக்க மேல் வரிசையில் எவாரிஸ்தோவுக்கு இருப்பது போலவே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அதே சாய்ந்த தோள். ஃபெலிசா எழுந்து கத்தினாள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும்? பையைத் துழாவினாள். வெள்ளைக் கைக்குட்டை ஒன்று அகப்பட்டது. தலைக்கு மேல் உயர்த்தி வீசி வீசிக் காட்டினாள்.

அந்த ஊர் மைதானத்தில் வெள்ளைக் கைக்குட்டைக்கு ஒரே அர்த்தம்தான்: போதும், வெளியே போ.

பின்வரிசைக்காரர் துள்ளி எழுந்தார். "அக்கா செய்றதுதான் சரி! வெளிய போய்யா கோச்சு!" என்று அவரும் ஒரு கைக்குட்டையை உருவினார். பிறகு அந்த வரிசை, பிறகு அந்தப் பக்கம், பிறகு நாற்பதாயிரம் பேர். அந்த வெள்ளை வெள்ளத்தில் வழுக்கைத் தலை காணாமல் போனது. அது அவர்தானா என்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பயிற்சியாளருக்கு வேலை போனது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ஃபெலிசா கைக்குட்டையோடு நின்றாள்.

"ஒரு கைக்குட்டையில ஆளையே தூக்கிட்டியே!" என்றார்கள் டிப்போவில். "நம்ம மேனேஜரைப் பாத்தும் ஒருதடவை வீசேன், புண்ணியமாப் போகும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் பாதிப் பேர் கேட்கும் விளையாட்டு வானொலி நிகழ்ச்சி ஒன்று மாலையில் உண்டு. அதற்குப் போன் போட்டாள். அத்தனை பேர் காதில் அவர் பெயரைச் சொல்லக் கூச்சம். பெயர் சொல்லாவிட்டாலும் அவருக்குப் புரியும் என்று நினைத்தாள்.

"நீங்க போனதுல இருந்து எதுவும் சரியில்ல," என்றாள். "ஞாயித்துக்கிழமை விடிஞ்சாலே நெஞ்சு கனக்குது. உங்க இடத்துல யார் யாரோ வந்து உக்கார்றாங்க. அவங்கல்லாம் நீங்களாயிட முடியுமா? எங்க மேல ஏதாவது கோவம்னா சொல்லிடுங்க. ஆனா திரும்பி வந்துடுங்க."

நிகழ்ச்சி நடத்துபவரின் குரல் தழுதழுத்தது. "மொன்ஃபோர்த் சார், கேக்குறீங்களா? கைக்குட்டை அம்மாவே அழுறாங்க சார்!"

"ஐயையோ, நான் அவரை இல்ல—"

விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் நாற்பது மீட்டர் நீளத் துணியில் 'திரும்பி வந்துடுங்க' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். தலைவர் பயந்துபோய்ப் பத்தே நாளில் மொன்ஃபோர்த்தை அழைத்து வந்தார். ஆட்டத்துக்கு முன்னால் ஃபெலிசாவைப் புல்தரைக்கு வரவழைத்து, பூங்கொத்து கொடுத்து, மொன்ஃபோர்த் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். கேமராக்கள் மின்னின. மேலே வந்து பார்த்தால் பதினைந்தாம் நாற்காலியில் தடித்த கோட்டு போட்ட ஒரு அம்மாள்.

"நான் மொன்ஃபோர்த்தோட மாமியார். உங்க பக்கத்துல உக்காந்தா ராசின்னு மாப்பிள்ளை சொன்னாரு. சீசன் முடியற வரைக்கும் எனக்கே குடுத்துட்டாங்க!"

ராசி உடனே வேலை செய்தது. ஐந்துக்குப் பூஜ்யம், எதிரணிக்கு.

இடைவேளையில் ஃபெலிசா, தானே செய்து கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்தாள். கை தானாக அதை இரண்டாகப் பிய்த்தது. பெரிய பாதியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, இரண்டையும் தாளில் சுற்றி வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, சந்தை நிறுத்தத்தில் காய்கறி நிரப்பிய சக்கரப் பையோடு ஒரு பெண் ஏறினாள். உட்காராமல் ஃபெலிசாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பேப்பர்ல வந்தது நீங்கதானே? உங்க வண்டிக்காக மூணு பஸ்ஸை விட்டேன்."

"கோச் விஷயம்னா நான் பேசறதா இல்லம்மா. கொஞ்சம் உள்ள போங்க."

"அந்தாளு எக்கேடு கெட்டா எனக்கென்ன? எங்க அண்ணன் உங்க போட்டோவை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கான். நீங்களும் கோச்சும் நிக்கிற போட்டோ. அதுல கோச்சை மட்டும் கத்தரிச்சுக் குப்பையில போட்டுட்டான். போட்டோ எதுக்குன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழமையானா ஜன்னலே கதின்னு உக்காந்திருக்கான். என்ன சங்கதின்னு உங்களையே கேட்டுடலாம்னுதான் வந்தேன்."

"அண்ணன் பேரு?"

"எவாரிஸ்தோ."

ஃபெலிசா பிரேக்கை மிதித்தாள். நடுச்சாலையில் பேருந்து நின்றது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"நான் கோச்சைக் கூப்பிடவே இல்லைங்க," என்றாள். "உங்க அண்ணனைத்தான் கூப்பிட்டேன். அவரு ஏன் வர்றதில்ல? டீம் தோக்குதுன்னு வெறுத்துட்டாரா?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீமா? போன மே மாசம் கடைசி ஆட்டத்துல 'இனி இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்'னு நீங்க கத்துனீங்களாமே, அதை நம்பி சீட்டையே விட்டுட்டான். பந்து எந்தப் பக்கம் போனா நமக்கு கோல்னுகூடத் தெரியாம, நீங்க எழுந்து கட்டிப்பிடிச்சா அதுதான் கோல்னு பத்தொன்பது வருஷம் உக்காந்திருந்த மனுஷன்ங்க அவன்!"