வீக்கத்துக்கு ஐஸ்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கனடாவின் மில்லிக்கன் பகுதி வீட்டில் இருந்தவர்கள்: கோணேஸ்வரன், அவருடைய மனைவி தெய்வநாயகி, மகள் தேனுகா, கோணேஸ்வரனின் இடது தொடைக்குக் கீழே உறைந்த விளைமீன் ஒரு பைக்கற். மீன் அங்கே இருப்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை தெய்வநாயகியின் தங்கையின் புது வீட்டுக் குடிபூரல். ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டுக் கோணேஸ்வரன் வேலையிடத்து ஆட்களோடு பனியில் ஸ்கீ பண்ணப் போனார். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவை. மூன்றாவது நிமிடம் விழுந்தார். தொடையின் பின்பக்கத் தசை 'டப்' என்றது. எல்லோரும் பார்த்ததால் சிரித்தபடி எழும்பினார்.

இரவு தொடை வீங்கியது. குடிபூரலுக்கு வராத கோபத்தில் மனைவி அன்றிலிருந்து பேசவில்லை. ஸ்கீயும் தெரிந்தால் வீட்டைவிட்டே போய்விடுவாள்.

ஞாயிறு காலை, கூட வந்த அகஸ்ரினுக்கு மெசேஜ் போட்டார். "சரியான வீக்கம் அண்ணை. என்ன செய்ய?"

பதில் வந்தது. "ஐஸ் வையும். ஒரு நாளைக்கு நாலு தரம். வீக்கம் தானா வத்தும்."

முதலில் உறைந்த பட்டாணிப் பைக்கற்றை வைத்தார். வீக்கம் வற்றவில்லை, அதனால் இரவு முழுக்க வைத்தார். திங்கள் கால் மரத்துப்போய்ப் படியில் சறுக்கினார். கணுக்காலும் சுளுக்கியது. பட்டாணி இளகியபோது மீனை எடுத்தார். சோபா நாறியது.

செவ்வாய் பின்னேரம் அகஸ்ரினுக்குப் போன் எடுத்தார். "வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை. வீக்கம் வத்தேல்லை. சரி, இன்னும் கூட ஐஸ் வைக்கிறன்."

"அப்ப நானும் வாறன்" என்றார் அகஸ்ரின். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் குசினி வாசலில் தெய்வநாயகி.

"ஆர் உங்களுக்கு ஐஸ் வைக்கச் சொன்னது?"

பிடிபட்டாயிற்று. "அகஸ்ரின் அண்ணை."

"எப்ப இருந்து?"

"ஞாயிற்றுக்கிழமையில இருந்து."

"எவ்வளவு நாளைக்கு வைக்கிற பிளான்?"

"வீக்கம் வத்திற மட்டும்."

"ஆரின்ர வீக்கம்? என்ர மூஞ்சியோ வீங்கிக் கிடக்கு?"

கோணேஸ்வரன் குழம்பினார். "மூஞ்சி இல்லையப்பா. தொடை."

"என்ர தொடையோ?"

தேனுகா ஹெட்போனைக் கழற்றினாள். "அப்பா! யூ கான்ற் சே தட்!"

தெய்வநாயகி மாடிக்குப் போனாள். பத்து நிமிடத்தில் கோட்டும் பையுமாக இறங்கிக் கதவைத் திறந்தாள். வாசலில் அகஸ்ரின், கையில் கேக் பெட்டியோடு.

"தங்கச்சி, எங்க வெளிக்கிட்டாச்சு?"

"அவரிட்டக் கேளுங்கோ. நீங்கள்தானே ஐஸ் வைக்கப் பழக்கினனீங்கள்."

கோணேஸ்வரன் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி வந்தார். "அண்ணை, நீங்களே சொல்லுங்கோ! தொடைக்குத்தானே ஐஸ் வைக்கச் சொன்னனீங்கள்?"

அகஸ்ரின் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு தெய்வநாயகியைப் பார்த்தார்.

"தொடைக்கோ? ஸ்கீக்குப் போயிட்டுக் காரில வரேக்க முழுக்க, மனிசி மூஞ்சிய வீங்க வைச்சுக்கொண்டிருப்பா எண்டு அழுதனீர். நான் தங்கச்சிக்கல்லோ ஐஸ் வைக்கச் சொன்னனான்!"

தெய்வநாயகி பையைக் கீழே வைத்தாள். கோணேஸ்வரனால் குனிய முடியவில்லை என்பதால் அவளே முழங்காலில் நின்று அவருக்குப் பூட்ஸைப் போட்டுவிட்டாள். கோட்டை மாட்டினாள். கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டாள். பிறகு அவரை அகஸ்ரின் பக்கம் மெதுவாகத் தள்ளி, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.