மேட்டில் வண்டி நிறுத்துபவர்

மனித குலத்தில் சமாளிப்பவர் என்றோர் இனம் உண்டு. பழுதான பொருளை இவர் சரிசெய்ய மாட்டார். தூக்கியும் போட மாட்டார். அதோடு குடித்தனம் நடத்துவார். இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன், வாருங்கள். தொழில், பல் வைத்தியம். சொத்தைப் பல்லோடு வருகிறவர்களை, "வலிக்க ஆரம்பிச்சதுமே வந்திருக்க வேண்டாமா? இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கடிந்துகொள்வார். வாயைப் பிளந்துகொண்டிருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்?

டாக்டரின் காருக்கு ஒரு வியாதி. ஓடும்போது குதிரை. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினாலோ 'டக்' என்றொரு சத்தம், பிறகு மௌன விரதம். சும்மா நிற்கிற வண்டியின் பேட்டரியை எதுவோ உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். டாக்டர் மேட்டைத் தேடிப் போனார்.

தெருக் கோடியில் நல்ல சரிவு ஒன்று கிடைத்தது. அங்கே வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார். காலையில் பிரேக்கை விட்டு, உருளவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார். வண்டி ஒரு விக்கல் விக்கிப் புறப்பட்டுவிடும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மண்டபம் மேடா பள்ளமா என்று விசாரித்த பிறகே வருவதாக வாக்குக் கொடுப்பார். சமதரையில் மாட்டிக்கொண்டால் தள்ளிவிட ஆள் வேண்டுமே? அதற்காகவே பழக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், உடற்பயிற்சிக்கூடத்து இளவட்டங்கள் என்று தோள் வலுவுள்ள அத்தனை பேரோடும் சிநேகம் வளர்த்து வைத்திருந்தார்.

"ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டினா என்னங்க?" என்பார் மனைவி.

"இப்ப என்ன குறைச்சல்? ஓடுதில்ல?"

"ஓடலைங்க. உருளுது."

மனைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். தலைமையாசிரியை பதவிக்கு அவருக்கு நேர்காணல் வந்தது. கஞ்சி போட்ட புடவையும் சான்றிதழ்க் கோப்புமாக அவர் காரடிக்கு வந்து பார்த்தால், வண்டியின் மூக்கை இடித்துக்கொண்டு ஒரு லாரி லோடு ஜல்லி! யாரோ வீடு கட்டுகிறார்களாம். முன்னால் ஜல்லி, பின்னால் ஏற்றம்.

"ஒரு நிமிஷம் இரு, சமாளிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இஸ்திரிக்காரரின் மொபெட்டில், துணி மூட்டைக்கு உரிய இடத்தில் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

போய்ச் சேர்வதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"கார் பேட்டரி சார். நிறுத்தி வச்சா இறங்கிடுது. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

"நீங்க இயற்பியல் டீச்சர்தானே?"

பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தக் கேள்வி மட்டும் டீச்சரோடு வீட்டுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை வீட்டு வாசலுக்குத் தள்ளிவரச் செய்து, அவர் பள்ளி ஆய்வகத்து மீட்டரோடு இறங்கினார். எல்லாக் கதவையும் மூடி, சாவியை உருவி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைச் செருகினார். தூங்க வேண்டிய வண்டியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். டாக்டர் டார்ச் பிடித்தார். பல் பிடுங்குவதைப் பார்க்கும் நோயாளியைப்போல அவர் முகம் கோணியது. உள்விளக்குகளின் ஃபியூஸ் வெளியே வந்ததும் மீட்டரில் எண் சட்டென்று குறைந்தது. டீச்சர் ஃபியூஸைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். கூரை விளக்கு எரியவில்லை. மிச்சம் டிக்கி.

"நான் உள்ள படுக்கிறேன். மூடுங்க. தட்டினதும் திறங்க."

டாக்டர் மூடினார். சமயம் பார்த்து இஸ்திரிக்காரர் வந்து நின்றார்.

"டாக்டர், டீச்சரம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க..." என்று டாக்டர் டிக்கியின் மேல் கையை வைத்து அசடு வழிந்தார்.

டிக்கி பேசியது: "விளக்கு எரியுது! என் வயிறும் எரியுது! திறங்க!"

இஸ்திரிக்காரர் துணியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

கோளாறு இவ்வளவுதான்: டிக்கிக் கதவு மூடும்போது அழுந்தி விளக்கை அணைக்க வேண்டிய பொத்தானின் ரப்பர் தேய்ந்து, கதவுக்கு எட்டாமல் கிடந்தது. உள்ளே ஆளில்லாத இருட்டுக்கு இரவெல்லாம் தீபாராதனை! டீச்சரே பொத்தானை மாற்றினார். அடிக்கடி வற்றி வற்றிப் பேட்டரியும் குற்றுயிராகியிருந்ததால் அதையும் புதிதாகப் போட்டார்கள். அடுத்த நேர்காணலுக்கு அவர் தானே காரை ஓட்டிப் போனார், பதவியோடு திரும்பினார்.

டாக்டருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிய முதல் காலை, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இனி எந்தச் சாக்கில் நாலு பேரைக் கூப்பிடுவது? அவருடைய சாமர்த்தியம் அத்தனையும் ஒரே நாளில் வேலையிழந்து நின்றது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். குளியலறைக்குப் போகக் கிளம்புகிறார். "இருங்க இருங்க, அந்தக் கதவு அப்படித் திறக்காது. லேசா மேல தூக்கி, இடது பக்கம் முட்டியால ஒரு இடி கொடுங்க" என்று எழுந்து ஓடுகிறீர்களே, அப்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமை படர்கிறது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.