பஞ்சு அண்ணாச்சி கேட்ட பாட்டு

ஒரு பாட்டைக் கேட்பதற்காக உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்ட மனிதர் தென்காசி ஜில்லாவிலேயே பஞ்சு அண்ணாச்சி ஒருவர்தான். யாராவது மறுத்தால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய நான் தயார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனே நான்தான்.

எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தார். இரண்டு காதிலும் எந்நேரமும் பஞ்சு இருக்கும். பெயர் அப்படி வந்தது. காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு ஒரு மடங்கு கேட்பது அவருக்குப் பத்து மடங்கு கேட்கும். தேதி முத்திரை குத்துகிற சத்தம் தாங்காமல் மேஜைமேல் துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் குத்துவார். பாதிக் கடிதங்களில் தேதிக்குப் பதில் துண்டின் நெசவுதான் விழுந்திருக்கும். தீபாவளியன்று விடியுமுன்னே ஐந்தருவிக்குப் போய்த் தண்ணீருக்குள் நின்றுகொள்வார். ஊரில் வெடி ஓய்ந்த பிறகு, விரலெல்லாம் ஊறி வெளுத்துத் திரும்பி வருவார்.

"அருவி மட்டும் சத்தம் போடலையா அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஒரே சீரா விழுதுல்லா. சொல்லாம கொள்ளாம வந்து அடிக்கதுதான்வே நமக்கு ஆகாது."

அப்படி விழுந்ததில் பெரிய அடி அவருடைய கல்யாணத்தில் விழுந்தது. கெட்டிமேளம் முழங்கியதும் மனிதர் தாலியை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தாலி பெண்ணின் மடியில் கிடந்தது. மூன்று முடிச்சையும் அவருடைய அக்காதான் போட்டார். "எனக்குத் தாலி கட்டுனது எங்க மதினியாக்கும்" என்று அண்ணாச்சியின் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிவிடும்.

மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வினை வந்தது. அவள் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை.

"ஸ்கூல்ல நான் பிரைஸ் வாங்குன அன்னைக்கெல்லாம் நீங்க கேட்டுக்கு வெளியதான் நின்னீங்க. முகூர்த்தத்துக்காவது என் பக்கத்துல நில்லுங்கப்பா. பஞ்சு வைக்காம, காதைப் பொத்தாம நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அண்ணாச்சி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். காதில் கோளாறு இல்லை, நரம்பு ரொம்பக் கூர்மை, சின்னச் சின்னச் சத்தமாகக் கேட்டுப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேறு ஊர்க்காரராக இருந்தால் அதைக் கேட்டிருப்பார். இவர் குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்.

"சிற்றருவியில நின்னு எவனுக்குவே பயம் தெளிஞ்சிருக்கு? நேரே மெயினருவிக்குக் கீழ போயி மண்டையைக் கொடுக்கணும்" என்றார்.

பாட்டுகளில் மெயினருவி எது என்று மகளிடமே விசாரித்துப் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு ஒன்றைப் பிடித்தார். ஏழு நிமிஷப் பாட்டு. இலஞ்சியில் அவர் வீட்டு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், துணைக்கு நான். எண்ணெய் எதற்கு என்று கேட்டேன். "சத்தம் வழுக்கிட்டுப் போயிரும்லா" என்றார். துண்டை இறுக்கிக் கட்டி, பஞ்சை எடுத்துவிட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார்.

பாட்டு மெதுவாகத்தான் தொடங்கியது. ஒற்றைக் கிட்டார்.

"கம்பி மேல விரல் வழுக்குது, கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை.

"பாடுதவன் மூச்சு இழுக்கான். தொண்டை காய்ஞ்சு கிடக்கு அவனுக்கு."

அறையில் மூன்றாவதாக ஒரு ஆள் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. பாட்டு ஏற ஏற அண்ணாச்சியின் கை சில்லிட்டது. கிட்டார் பல்லின் வேருக்குள் போகிறது என்றார். அடிவயிற்றை யாரோ பிசைகிறார்கள் என்றார். சட்டென்று எல்லாம் நின்றுபோனது.

"முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"இல்லவே. வருது" என்றார்.

டிரம்ஸ் விழுந்தது. அண்ணாச்சி கம்பியை விட்டார், என்னை விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறோம். எண்ணெய் பூசிய ஆளை வெளியே இழுக்கிற பாட்டை இழுத்தவனிடம்தான் கேட்க வேண்டும். பிடித்த இடமெல்லாம் வழுக்கியது. அவர் உதடு வெளுத்துவிட்டது. நெஞ்சு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கல்யாண வீடு இழவு வீடாகிவிடுமோ என்று நான் வெலவெலத்துப்போனேன்.

"இதோட விட்ருவோம் அண்ணாச்சி. உசுரு முக்கியம்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்திரும்" என்றார்.

பத்து வாரம் போனேன். பத்தாவது வாரம் கட்டிலின்மேல் உட்கார்ந்தபடியே பாட்டு முழுவதையும் கேட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "நல்லாத்தான்வே பாடியிருக்கான்" என்றார்.

முகூர்த்த நாளும் வந்தது. காதில் பஞ்சு இல்லாமல் மணவறையில் நின்றார் அண்ணாச்சி. நான் பக்கத்தில். நாதஸ்வரம், தவிலையெல்லாம் தாங்கிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை கேரள எல்லையில் இருக்கிற செங்கோட்டைக்காரர். அவருடைய சேக்காளிகள் யாரிடமும் சொல்லாமல் செண்டைமேளம் பிடித்து வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் வாசலிலேயே அடிக்க ஆரம்பித்தபோது மண்டபத்துத் தரை அதிர்ந்தது. அண்ணாச்சிக்குக் குப்பென்று வியர்த்தது. கால் ஒரு அடி பின்னால் போனது. கை காதுக்குப் பாதி தூரம் ஏறிவிட்டது.

கோமதி பார்த்துவிட்டாள். கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினாள். மண்டபமே அண்ணாச்சியைப் பார்த்தது.

"மேளம் வேண்டாம்ப்பா. சும்மாவே கட்டட்டும்" என்றாள்.

அண்ணாச்சி ஏறிய கையைக் கீழே இறக்கினார். என் வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்கச் சொல்லு தாயி. அப்பா நிக்கேன்."

செண்டையும் தவிலும் சேர்ந்து விழுந்தன. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். அண்ணாச்சியின் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, மகளைப் பார்த்த கண்ணையும் எடுக்கவில்லை. அவர் பிடித்த பிடியில் எனக்கு உயிர் போகிற வலி. வாயைத் திறக்காமல் நானும் நின்றேன்.

அன்றிலிருந்து என் மோதிர விரல் கொஞ்சம் கோணல். சின்ன ஆபரேஷனில் நிமிர்த்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணாச்சி பிடித்த விரல் சார், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.