சன்னதி வீதியில் மாமனார்

மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஏகாம்பரநாதர் கோபுரத்தின் உச்சி மட்டும் இன்னும் தெரிந்தது. வீரபத்திரன் பாய்ந்து பிடிப்பதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது.

"ஐயோ! துப்பு! துப்பிடும்மா தாயே!"

"இன்னாத்தைத் துப்பணும்?" என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அவன் மனைவி கமலாட்சி.

"கங்கையம்மாளோட மாமனாரை!"

நகரசபையில் பழைய காஞ்சிபுரத்துப் படங்களுக்கு ஒரு கண்காட்சி. நாளை மறுநாள் கலெக்டர் திறந்து வைக்கிறார். கோபுரம், குளக்கரை, பூங்கா, தேர் என்று ஊரார் வீட்டுச் சுவர்களில் தொங்கிய படங்களையெல்லாம் வாங்கிப் பிரதி எடுத்துக் கொடுப்பது வீரபத்திரன் ஸ்டூடியோவின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மகுடம் கங்கையம்மாள் வீட்டுப் படம். கரண்ட் கம்பம் வராத காலத்துச் சன்னதி வீதி, பின்னால் கோபுரம். நடுவே தலைப்பாகையும் கைத்தடியுமாக அவள் மாமனார். அவள் வாழ்க்கைப்பட்டு வருமுன்பே காலமானவர். முகம் சுண்டைக்காய் அளவுதான். ஆனாலும் அமாவாசை தவறாமல் அதற்குக் கற்பூரம் காட்டுவாள்.

ஸ்டூடியோ இருக்கிற கட்டடமும் அவளுடையதுதான்.

"படத்துல ஒரு கீறல் வுழுந்தாலும் கடையைக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இருக்கணும், ஆமா" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பெயர்த்து ஜன்னலோரம் காயவைத்தான். காற்று அதைத் தூக்கித் தெருவில் போட்டது. தெருவிலோ நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி சொட்டிய காகிதத்தை, சினிமா போஸ்டர் தின்றே வளர்ந்த மாடு விடுமா?

"பேசாம போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் கமலாட்சி.

"இன்னான்னு? உங்க மாமனாரை மாடு தின்னுடுச்சின்னா?"

அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

"ஏண்டி, கோபுரம் அங்கியேதானே இருக்குது? வீதியும் இருக்குது. மாமனார் ஒருத்தர்தானே இல்ல? மறுபடி எடுத்துடலாம். உன் காபி டிகாஷன்ல முக்கினா பழசாயிடும்."

"வெளங்கிடும்" என்றாள் அவள்.

விடிந்ததும் பெரிய கேமராவைச் சுமந்துகொண்டு ஓடினான். கரண்ட் கம்பம் எதிரே நின்று முறைத்தது. படத்தில் அந்த இடத்தில் ஒரு தென்னைமரம் இருந்ததாக ஞாபகம். கீற்று வாங்கி வந்து கம்பத்துக்குக் கட்டினான். சுவர் முழுக்கத் தேர்தல் சின்னம். அதற்கு மூங்கில் தட்டியைச் சாத்தினான்.

"யாருப்பா எங்க சின்னத்தை மூடுனது?" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார் கட்சிக்காரர் முனிரத்தினம்.

"சும்மா ஒரு பந்தல்ணே."

"பந்தலா? எவன் பேச வர்றான்? எங்க எடத்துலயே எதிர்க்கட்சிக் கூட்டமா?"

"ஐயையோ, கூட்டம் இல்லண்ணே! ஷூட்டிங்! சினிமா ஷூட்டிங்!"

அந்தப் பொய் பிள்ளையார்பாளையம் வரை ஓடி, போன வேகத்தில் ஊரையே கூட்டிக்கொண்டு திரும்பியது. தறியில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "கதாநாயகி எந்த ஓட்டல்ல எறங்கியிருக்குது?" என்றார்கள். முனிரத்தினம் வீட்டுக்குப் போய் முகத்தில் பவுடரும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார்.

"நான் எங்கப்பா நிக்கணும்?"

"அண்ணே, பழைய காலத்துக் கதை. கண்ணாடி வேணாம். கடிகாரம் வேணாம். எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க, சட்டையைக் கழட்டுங்க!"

"சட்டை எதுக்குப்பா? அம்மை ஊசியா போடப் போறாங்க?" என்று எவனோ கேட்டான்.

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடியவர்கள் ஒளிவதற்குக் கதவு திறந்திருந்த முதல் வீட்டுக்குள் புகுந்தார்கள். அது கங்கையம்மாளின் வீடு.

வீரபத்திரனுக்கு அது தெரியாது. அவன் மாமனாரைத் தேடிக்கொண்டிருந்தான். தாமலிலிருந்து வைக்கோல் வண்டி ஓட்டிவந்த கிழவர் கண்ணாயிரம் கண்ணில் பட்டார். மீசை வாகாக இருந்தது.

"பெரியவரே, ஒரு நிமிஷம் நிக்கிறீங்களா?"

"நிக்கிறதுதானே? நின்னா போச்சு."

தலைப்பாகைக்குத் துணி இல்லை. கமலாட்சியின் கூறைப்புடவை வந்தது. "கிழிஞ்சா தெரியும் சேதி!" என்று பின்னாலேயே அவளும் வந்தாள். முனிரத்தினம் குமுறினார். "வைக்கோல் வண்டிக்காரன் ஹீரோ, நான் கும்பலா?"

வீரபத்திரன் எதையும் காதில் வாங்காமல் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். கேமராக் கண்ணாடியில் வீதி தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழ்க் கோபுரம். தலைகீழ்த் தென்னை. தலைகீழாகக் கங்கையம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"வீரபத்திரா! இன்னா கூத்து இது? தலப்பாகை கட்டிக்கினு நிக்கிறானே, யார் அவன்? என் படம் எங்க?"

துணிக்குள்ளிருந்தே பதில் வந்தது. "மாடு தின்னுடுச்சும்மா."



"என் மாமனாரை மாட்டுக்குப் போட்டுட்டு, அவர் எடத்துல வைக்கோல் வண்டிக்காரனை நிறுத்தினியா? அவர் நின்ன தோரணை இன்னா, கம்பீரம் இன்னா! இவன் நிக்கிற லட்சணம் இன்னா! இன்னைக்கே கடையைக் காலி பண்ணு!"

"அம்மா, எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கிற கடைம்மா..."

"உங்கப்பன் யோக்கியன்டா! கண்ணாடிச் சட்டம் மாத்தக் குடுத்த இதே படத்தை ஒரு தூசு படாம திருப்பிக் குடுத்தானே, நீயும் இருக்கியே!"

கண்ணாயிரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கமலாட்சியிடம் பதனமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இவங்கப்பா கடையில படத்தை எலி தின்னப்பவும், உங்க மாமனாரா நான்தான் நின்னேன்."